பால் மறந்தது யார்?

குழந்தை தாய்ப்பால் குடிப்பதை விட்டுவிட்டால், 'பிள்ளை பால் மறந்துவிட்டது' என்பார்கள் நம் தாய்மார்கள். அப்படி விடச் செய்வதற்குப் 'பால் மறக்கடித்தல்' என்று பெயர். தொட்டிலை விட்டால் விட்டது என்கிறோம். தவழ்வதை நிறுத்தினால் நிறுத்தியது என்கிறோம். பாலை மட்டும் குழந்தை மறந்தாக வேண்டியிருக்கிறது. இறைவாக்கினர் எசாயா நூலின் 49ஆம் அதிகாரத்தில் இதே மறதி மறுபக்கத்திலிருந்து பேசப்படுகிறது. பால்குடிக்கும் மகவைப் பெற்றவள் மறப்பது கூடுமோ என்று ஆண்டவர் வினவுகிறார். அவளே மறந்துபோனாலும் தாம் மறப்பதில்லை என உறுதி கூறுகிறார். நம் மொழி பிள்ளையின் மறதியைச் சொல்கிறது. விவிலியம் தாயின் மறதியைப் பற்றிக் கேட்கிறது. இவ்விரண்டிற்கும் இடையில் அகப்பட்டுக்கொண்டவள் ஒருத்தி இருக்கிறாள். பேறுகால விடுப்பு முடிந்து, மூன்று மாதமோ ஆறு மாதமோ ஆன பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டு வேலைக்குத் திரும்பும் தாய்தான் அவள்.

அவள் வேலைக்குத் திரும்பியதால் பிள்ளைக்குப் பால் குறைந்தால், அல்லது உரிய காலத்துக்கு முன்னரே நின்றுபோனால், அது அவள் செய்த குற்றமா? குற்றமில்லையெனில், அந்தப் பிள்ளைக்கு உரியது கிடைக்காமற்போனதற்குப் பொறுப்பு யார்? இவற்றை வீட்டுத் திண்ணைப் பேச்சுக்கும் மருத்துவரின் அறிவுரைக்கும் மட்டும் விட்டுவிடலாகாது. இவை அறநெறிக் கேள்விகள். இதில் குருவானவருக்கு என்ன பட்டறிவு இருக்கிறது என்று கேட்பவர்கள் இருப்பார்கள். பால் குடித்த பட்டறிவு எனக்கும் உண்டு என்பதைத் தவிர வேறு விடை என்னிடம் இல்லை.

அறநெறித் தீர்ப்பு எதுவாயினும் முதலில் உள்ள நிலையை அறிந்தாக வேண்டும் என்று குருமடத்தில் எங்களுக்குக் கற்பித்தார்கள். தாய்ப்பால், குடத்தில் நிறைத்து வைத்து வேண்டும்போது மொண்டுகொள்ளும் நீர் போன்றதன்று. ஊற்றுக் கிணற்றை ஒத்தது. இறைக்க இறைக்கச் சுரக்கும், இறைக்காமல் விட்டால் அடங்கிப்போகும். பிள்ளை சப்பும்போது தாயின் உடலில் புரோலாக்டின் என்னும் ஹார்மோன் எழுந்து பாலை உண்டாக்குகிறது. ஆக்சிடோசின் என்னும் மற்றொன்று உண்டான பாலை வெளியே தள்ளுகிறது. மார்பு நிறைந்தபடியே பல மணி நேரம் கிடந்தால், இனி இவ்வளவு தேவையில்லை போலும் என்று உடல் கணக்கிட்டுச் சுரப்பைக் குறைத்துக்கொள்ளும். காலை எட்டு மணிக்குப் பிள்ளையை விட்டுப் பிரிந்து மாலை ஆறு மணிக்குத் திரும்புகிறவள், இடையில் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறையேனும் கையாலோ பம்பினாலோ பாலை எடுத்தாக வேண்டும். எடுக்காவிட்டால் முதலில் பால் கட்டிக்கொண்டு வலிக்கும், சிலருக்குக் காய்ச்சலும் சீழும் வரும், நாளடைவில் வற்றிப்போகும்.

இன்னுமொன்று. அச்சமும் அவசரமும் பால் இறங்குவதைத் தடுக்கும். வெளியே எவரோ கதவைத் தட்டிக்கொண்டிருந்தால், மார்பில் பால் இருந்தும் வராது. அதே தாய் பிள்ளையின் படத்தைப் பார்த்தாலும், பேருந்தில் வேறெவருடைய பிள்ளையோ அழக் கேட்டாலும், தானாகவே பால் இறங்கிச் சேலை நனைந்துவிடும். மறந்துவிட்டவளின் உடல் இப்படி நடந்துகொள்ளுமா? பாலை வற்றச் செய்வதற்கென்றே நம் பாட்டிமார் மல்லிகைப் பூவை மார்பில் வைத்துக் கட்டினார்கள். 1988இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் இக்கைவைத்தியத்தை முறைப்படி ஆய்ந்து, அக்காலத்தில் அதற்கென வழங்கிவந்த மாத்திரைக்கு இணையாகவே பூ வேலை செய்வதாக எழுதினார்கள். வேப்பெண்ணெய் தடவுவது இன்னொரு வழி. அது கசப்பைக் காட்டிப் பிள்ளையை மறக்கடிப்பது. தாயும் சேயும் மறப்பதற்கு இத்தனை ஏற்பாடுகள் தேவைப்பட்டிருக்கின்றன என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

எனக்குத் தெரிந்த ஓர் இளம் செவிலியைப் பற்றி, அவரது இசைவோடு, ஊரும் பேரும் தவிர்த்து எழுதுகிறேன். செவிலி என்ற சொல்லையே முதலில் பார்க்கலாம். சங்க அகப்பாடல்களில் தலைவிக்குத் தாயர் இருவர்: பெற்றவள் நற்றாய், வளர்த்தவள் செவிலித்தாய். அந்தச் செவிலியின் மகளே தோழி. இன்று மருத்துவமனையில் நோயாளரைப் பேணும் பெண்ணுக்கு அச்சொல்லைச் சூட்டியிருக்கிறோம். நான் சொல்லும் பெண் ஒரு தனியார் மருத்துவமனையில், பச்சிளங் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் பணியாற்றினார். பதினோரு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும் ஒப்பந்த வேலை. பேறுகாலத்துக்குப் பின் தொண்ணூறாம் நாள் திரும்பாவிட்டால் வேறு ஆள் வைத்துக்கொள்வோம் என்று வாய்மொழியாகச் சொன்னார்கள்; எழுதித் தரவில்லை. திரும்பினார். திருமுழுக்குச் சான்றிதழ் பெறுவதற்காகப் பங்கு அலுவலகம் வந்த அன்று, தாளை வாங்கிக்கொண்டும் போகாமல் நின்றார்.

"சாமி, குறைமாசப் பிள்ளைங்களோட அம்மாங்களுக்கு எப்படிப் பால் பீச்சணும், எப்படிப் பாலாடையில ஊட்டணும்னு நான்தான் சொல்லிக் குடுக்கிறேன். எம் பிள்ளைக்கான பாலைப் பாத்ரூம்ல பீச்சி ஊத்திட்டு வர்றேன். இப்ப அதுவும் வத்திக்கிட்டு வருது. நான் வேணும்னே நிறுத்துறேன்னு வீட்ல அத்தை சொல்றாங்க. இது பாவமா சாமி?"

பாவமில்லை என்று சொல்ல அரை நிமிடம் போதும், சொன்னேன். ஆனால் அதைக் கேட்டு அவர் முகம் தெளியவில்லை. தாய்க்குப் பாவமில்லை என்பதனால் பிள்ளைக்குப் பசி தீர்ந்துவிடுவதில்லை அல்லவா?

பழைய அறநெறி இறையியல் கையேடுகள் இவ்விடயத்தைப் பேசியிருக்கின்றன. தான் பெற்ற பிள்ளைக்குத் தானே பாலூட்டுவது தாயின் கடமை. தக்க காரணமின்றி மறுப்பது சிறு குற்றம். போதிய காரணம் இருந்தால் குற்றமே இல்லை. இதுதான் அவற்றின் போக்கு. அவ்வாசிரியர்கள் மனத்தில் கொண்டது, அழகு குன்றிவிடுமென்றோ குடும்ப வழக்கமென்றோ பிள்ளையைப் பாலூட்டும் செவிலியிடம் ஒப்படைத்துவிட்ட மேட்டுக்குடிப் பெண்களை. அவர்களைக் கண்டிக்கவும் மன்னிக்கவும் கையேட்டில் இடமிருந்தது. ஆனால் கூலிக்குப் பாலூட்ட வந்த அந்தச் செவிலிக்கும் பால் சுரந்தது, அவளும் அண்மையில் ஒரு பிள்ளையைப் பெற்றிருந்ததனால்தானே? அந்தப் பிள்ளை என்ன குடித்தது? நான் படித்த நாளில் வகுப்பறையில் இக்கேள்வி எழவில்லை.

திருத்தூதர் பவுலின் உவமை ஒன்று இங்கே நினைவுக்கு வருகிறது. தெசலோனிக்கருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் இரண்டாம் அதிகாரத்தில் தம் கனிவை ஒரு தாயின் கனிவுக்கு ஒப்பிடுகிறார். கிரேக்க மூலத்தில் அவர் ஆளும் சொல் 'திரோஃபோஸ்'. பாலூட்டி வளர்க்கும் செவிலி என்பது அதன் வழக்கமான பொருள். அதனோடு, தன் சொந்தப் பிள்ளைகளை என்றும் சேர்க்கிறார். பிறர் பிள்ளைக்குப் பாலூட்டிப் பிழைப்பவள் தன் பிள்ளையை அணைத்துக்கொள்ளும் நேரத்தின் கனிவு அது என்று விளக்கவுரையாளர் சிலர் கொள்வர். அடுத்த இரண்டு வசனங்களுக்குள் பவுல் தம் இராப்பகல் உழைப்பைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுகிறார். எவ்வித நோக்கத்தோடு எழுதினாரோ, உழைப்பும் பாலும் அங்கே அருகருகே வந்துவிட்டன.

இயலாததைச் செய்ய எவருக்கும் கடமையில்லை என்பது அறநெறியின் பழைய விதி. வேலைக்குப் போகாவிட்டால் வீட்டு வாடகையும் கடன் தவணையும் நிற்கும் என்றிருக்கும் பெண்ணை இவ்விதி விடுவிக்கிறது. ஆனால் இது அவளை மட்டுமே விடுவிக்கிறது. ஒன்றை அவளால் இயலாததாக்கியவர்களை இவ்விதி விடுவிப்பதில்லை. அந்தக் கடமை அப்படியே நிற்கிறது. சுமக்க வேண்டிய தோள் மாறுகிறது. இதுவே என் கருத்து. தாயிடம் 'ஏன் நிறுத்தினாய்' என்று கேட்கும் நாம், கேள்வியைத் தவறான முகவரிக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறோம்.

இதைப் பங்குப் பேரவையில் சொன்னபோது, எங்கள் பங்குப் பள்ளியில் பாலூட்டும் ஆசிரியைகளுக்கென ஓர் அறை ஒதுக்குவதும், நாளில் இருமுறை அரை மணி நேரம் விடுவதும் பற்றிப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. முதியவர் ஒருவர் எழுந்தார். "எங்க ஆத்தா நடவு நட்டுக்கிட்டேதான் எங்க ஏழு பேரையும் பால் குடுத்து வளர்த்தா. அறையும் கிடையாது, பெல்லும் கிடையாது" என்றார். கூட்டம் தலையசைத்தது. அவர் சொன்னது உண்மை. அந்த உண்மைக்குள் இன்னொன்று இருக்கிறது. அவருடைய ஆத்தா பிள்ளையை விட்டுவிட்டு நடவுக்குப் போகவில்லை. வரப்போரத்து மரக்கிளையில் தூளி தொங்கியது. பிள்ளை அழுதால் சேற்றுக் காலோடு கரையேறினாள். ஊட்டிவிட்டு மறுபடியும் இறங்கினாள். வேலை கொடியது, கூலி குறைவு. ஆயினும் பிள்ளை அழுகுரல் கேட்கும் தொலைவில் இருந்தது. நம் காலத்தில் வேலை சுவருக்குள் போய்விட்டது. வாயிற்காவலரைத் தாண்டிப் பிள்ளை வரமுடியாது. தாய் மாறவில்லை, வேலையின் இடம் மாறியிருக்கிறது.

அந்தக் காலத்தைப் பொற்காலமாக்கவும் நான் ஆயத்தமாக இல்லை. பழைய பங்குகளின் அடக்கப் பதிவேட்டைப் புரட்டியவர்களுக்குத் தெரியும்: வயது என்னும் பத்தியில் பத்து நாள், ஒரு மாதம், ஐந்து மாதம் என்று வரிவரியாக இருக்கும். முதியவர் சொன்ன ஏழு பேர் பிழைத்த ஏழு பேர்.

வேலையின் இடம் மாறிவிட்டதைச் சட்டம் காலந்தோறும் உணர்ந்துதான் இருக்கிறது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமும் 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டமும் பெண்கள் பலர் உழைக்குமிடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டுமென்றன. 1961ஆம் ஆண்டின் பேறுகாலப் பயன் சட்டம், பிள்ளைக்குப் பதினைந்து மாதம் ஆகும்வரை பாலூட்டுவதற்கென நாளில் இரண்டு இடைவேளை தரச் சொன்னது. 2017ஆம் ஆண்டின் திருத்தம், முதல் இரண்டு பேறுகளுக்கு விடுப்பை 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்த்தியது; 50 பேருக்குக் குறையாத நிறுவனங்களில் காப்பகமும், நாளில் நான்குமுறை அங்கே சென்று வரும் உரிமையும் சேர்ந்தன. 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் இவற்றை ஏற்றுக்கொண்டுள்ளது. ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே. அதன்பின் இணையுணவோடு இரண்டு ஆண்டோ அதற்கு மேலோ தாய்ப்பால் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. 26 வாரம் என்பது அந்த ஆறு மாதத்துக்கு அளந்தெடுத்தாற்போல் தோன்றும். ஆனால் எட்டு வாரம் வரை பேற்றுக்கு முன்னரே எடுக்கப்படுவதுண்டு. அப்படி எடுத்தவளுக்குப் பேற்றுக்குப் பின் மிஞ்சுவது 18 வாரம், நான்கு மாதத்துக்குச் சற்று அதிகம்.

சட்டப் புத்தகத்தை மூடிவிட்டு ஒரு வீட்டைப் பார்ப்போம். அக்காள் தங்கையர் மூவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூத்தவள் அரசுப் பள்ளி ஆசிரியை; தமிழக அரசு 2021 சூலை முதல் அவளுக்கு முழுச் சம்பளத்தோடு 12 மாத விடுப்புத் தருகிறது. அடுத்தவள் ஒரு தனியார் நிறுவனத்தில், மேற்சொன்ன செவிலியைப் போல ஒப்பந்தத்தில் இருக்கிறாள். அவளுக்குச் சட்டம் தருவது ஒன்று, கைக்கு வருவது ஒன்று. கடைசித் தங்கை கட்டட வேலைக்குச் சித்தாளாகப் போகிறாள். ஏழைத் தாய்மாருக்கான முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி 2018இல் பணமும் பொருளுமாக 18,000 ரூபாய் ஆக்கப்பட்டது. அது அவளுக்குக் கிடைக்கலாம். விடுப்பு என்ற சொல்லுக்கே அவள் வாழ்வில் இடமில்லை. போகாத நாளுக்குக் கூலி இல்லை. ஒரே தாயிடம் பால் குடித்த மூவரின் பிள்ளைகளுக்கு மூன்று படியில் அளக்கிறோம். படியை வகுத்தது இயற்கையன்று. அதனால்தான் இதை அறநெறிக் கேள்வி என்கிறேன்.

திருச்சபையின் போதனை இதில் மௌனமாக இல்லை. நம் தலைமுறையினர் இரண்டாம் அருள் சின்னப்பர் என்றழைத்த புனித இரண்டாம் யோவான் பவுல், மனித உழைப்பைப் பற்றி 1981இல் எழுதிய சுற்றுமடலின் 19ஆம் எண்ணில், பெண் தனக்கே உரியதைக் கைவிடுவதை விலையாகக் கொடுத்துத்தான் வேலையில் முன்னேற வேண்டும் என்ற நிலை கூடாதென்றும், உழைப்பின் அமைப்பே அதற்கேற்ப மாறவேண்டும் என்றும் கூறினார். 1995 மே 12ஆம் நாள், தாய்ப்பாலூட்டலை ஆராய உரோமையில் கூடிய அறிஞர்களிடம் பேசியபோது, தாய்மாருக்கு நேரமும் செய்தியும் துணையும் தேவை என்றார். அவர் முதலிற் சொன்னது நேரத்தை. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2014 சனவரியில் சிஸ்டைன் சிற்றாலயத்தில் குழந்தைகளுக்குத் திருமுழுக்கு வழங்குகையில், பசித்து அழும் பிள்ளைகளுக்கு அங்கேயே தயக்கமின்றிப் பாலூட்டுமாறு தாய்மாரைக் கேட்டுக்கொண்டார். நம் கோவில்களில் பிள்ளை அழுதால் திரும்பிப் பார்க்கும் கண்கள் எத்தனை என்பதை நான் பீடத்திலிருந்து காண்கிறேன்.

பேரவை இரண்டு கூட்டங்களில் வாதிட்டது. அறைக்கு எதிர்ப்பு நீடிக்கவில்லை. நூலகத்தை ஒட்டிய பழைய பொருளறையைத் துப்புரவாக்கி, உள்தாழ்ப்பாள், கைகழுவத் தொட்டி, சாய்ந்து உட்கார ஒரு நாற்காலி, சிறு குளிர்பெட்டி ஆகியவற்றை அன்பியத் தாய்மார் ஏற்பாடு செய்தார்கள். சிக்கல் வேறிடத்தில் இருந்தது. ஆசிரியை ஆறு மாதம் விடுப்பில் இருக்க, அவரிடத்தில் வருபவருக்கும் சம்பளம் தரவேண்டும். பணம் எங்கிருந்து வரும்? கட்டணத்தை உயர்த்தலாம் என்றார் ஒருவர். எங்கள் பள்ளிப் பிள்ளைகளில் பாதிப்பேர் செங்கற்சூளைக்கும் கட்டட வேலைக்கும் போகும் தாய்மாரின் பிள்ளைகள். ஒரு தாயின் பாலுக்கான நேரத்தை, விடுப்பே அறியாத இன்னொரு தாயின் முந்தானை முடிச்சிலிருந்து வாங்குவது எந்த நீதியில் சேரும்? திருவிழா வாணவேடிக்கைக்கு ஒதுக்கும் தொகையை எடுத்துக்கொள்ளலாம் என்றேன். பாதித் தொகைக்கு இணங்கினார்கள். மீதிப் பாதிக்கு வழி தேடிக்கொண்டிருக்கிறோம். நாட்டில் எல்லாப் பங்குகளிலும் வாணம் வானத்துக்குப் போவதைப் பார்க்கையில் எனக்கு அந்த மீதிதான் நினைவுக்கு வருகிறது.

மோசேயின் பிறப்பு வரலாற்றை நாம் அனைவரும் அறிவோம். நாணல் பேழை, ஆறு, பார்வோனின் மகள். அதில் ஒரு வரியை விரைந்து கடந்துவிடுகிறோம். பிள்ளைக்குப் பாலூட்ட எபிரேயப் பெண் ஒருத்தியை அழைத்து வரட்டுமா என்று அக்காள் கேட்டு, பெற்ற தாயையே கூட்டி வருகிறாள். பார்வோனின் மகள் பிள்ளையை அவள் கையில் கொடுத்து, பாலூட்டுவதற்குக் கூலியும் தருவதாகச் சொல்கிறாள். தன் பிள்ளைக்குத் தான் பாலூட்டியதற்குச் சம்பளம் வாங்கிய தாய் அவள் ஒருத்தியே என்று நினைக்கிறேன். பேறுகாலச் சம்பளத்துக்கு விவிலியத்தில் முன்மாதிரி தேடுபவர், அதைப் பார்வோனின் அரண்மனையில் கண்டெடுக்க வேண்டியிருக்கிறது. சாமுவேலின் தாய் அன்னாவுக்கு வேறு வகையில் நேரம் கிடைத்தது. பிள்ளை பால் மறக்கும்வரை சீலோவுக்குத் திருப்பயணம் வரமாட்டேன் என்றாள். எல்கானா அவள் விருப்பப்படியே இருக்கட்டும் என்றான். ஆண்டவருக்குச் செலுத்தும் பலியே காத்திருந்தது.

செவிலியின் கதைக்கு வருகிறேன். அவரிடம் நான் கேட்டவை வெறும் கணக்குகள்: எத்தனை மணிக்குக் கிளம்புகிறீர், வீட்டில் யார் இருக்கிறார், பிள்ளைக்கு எத்தனை முறை பசிக்கிறது. பிறகு அவருடைய கணவரையும் மாமியாரையும் வரச்சொல்லிப் பேசினேன். மருத்துவமனையில் முதிய மேற்பார்வைச் செவிலி ஒருவர், எவரிடமும் கேளாமல், துணி அடுக்கும் அறையின் சாவியை இவரிடம் கொடுத்தார். நாளில் இருமுறை இருபது நிமிடம். பம்பு வாங்கப் பணமில்லை, கையால் பீய்ச்சினார். நன்கு கொதிக்கவைத்த மூடியுள்ள எவர்சில்வர் பாத்திரம், பனிக்கட்டி வைத்த சிறு பெட்டி. பீய்ச்சிய பால் அறை வெப்பத்தில் நான்கு மணி நேரம் தாங்கும் என்பார்கள். அது குளிர்ந்த நாட்டு அறைக்குப் பொருந்தும், நம் சித்திரை வெயிலுக்கு அவ்வளவு நம்பக்கூடாது. குளிர்பெட்டியின் கதவில் வைக்காமல் உட்புறத்தில் வைத்தால் நான்கு நாள் வரை இருக்கும். அடுப்பில் காய்ச்சலாகாது, வெந்நீர்க் கிண்ணத்தில் வைத்துக் குளிர் போக்கவேண்டும். பிள்ளை மிச்சம் வைத்ததை மறுபடியும் எடுத்து வைக்கக்கூடாது.

இவற்றையெல்லாம் மாமியாரிடம் சொல்லிக் கொடுத்தவர் மருமகள். புட்டியில் பழகிய பிள்ளை மார்பைத் தள்ளிவிடக்கூடும் என்பதால், பாலாடைச் சங்கில் ஊட்டுவதென்று முடிவு செய்தார்கள். வேண்டுமென்றே நிறுத்துகிறாள் என்று பேசிய அதே அம்மையார், பாலாடையைச் சாய்த்து, ஒவ்வொரு துளியாக உள்ளே இறக்குவதில் வீட்டிலேயே கைதேர்ந்தவரானார். மருமகளிடம் தாம் பேசியதற்காக வருந்தினாரா என்று எனக்குத் தெரியாது, நான் கேட்கவில்லை. ஊட்டிக்கொண்டிருந்தார்.

இங்கே நுட்பமான ஒரு கேள்வி உண்டு. பாத்திரத்தில் வந்து பாட்டியின் மடியில் ஊட்டப்படும் பால் இன்னும் தாய்ப்பால்தானா? பாலில் உள்ள சத்தும் நோய் எதிர்ப்பு ஆற்றலும் பெரும்பாலும் அதே. மடி வேறு. பம்பு வந்தபின் பாலையும் மடியையும் பிரிக்க முடிகிறது. பிரிக்க முடிகிறது என்பதனால், இனித் தாய் விடுப்பே கேட்க வேண்டாம், பம்பு ஒன்று வாங்கித் தந்தால் போதும் என்று எண்ணும் முதலாளியைப் பற்றி எனக்கு அச்சமுண்டு. பம்பு தாய்க்குத் துணையாகலாம். அவளுடைய நேரத்துக்கு ஈடாகக் கொடுக்கப்பட்டால் அது சூழ்ச்சி. ஆயினும் மற்றொரு மடியில் ஊட்டப்படுவதில் இழுக்கேதும் இல்லை. 1989இல் மும்பை சயான் மருத்துவமனையில் மருத்துவர் அர்மிடா பெர்னாண்டஸ் ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கியைத் தொடங்கினார். பெயர் அறியாத தாயின் பால், பெயர் அறியாத குறைமாதப் பிள்ளைக்குப் போகிறது. தமிழகத்திலும் 2015 முதல் அரசு மருத்துவமனைகளில் இத்தகைய வங்கிகள் இயங்கிவருகின்றன.

நம் மக்களுக்கு இது அந்நியமான எண்ணமும் அன்று. வேளாங்கண்ணியின் மரபுக் கதை எங்கே தொடங்குகிறது? தன் எசமானர் வீட்டுக்குப் பால் சுமந்து செல்லும் சிறுவன், குளக்கரை ஆலமர நிழலில் இளைப்பாறுகிறான். கையில் பிள்ளையோடு அன்னை தோன்றித் தம் பிள்ளைக்குப் பால் கேட்கிறார். சிறுவன் தயங்கினாலும் கொடுக்கிறான்; எசமானர் வீட்டில் பானையைத் திறந்தால் பால் நிறைந்து பொங்குகிறது. பொங்கிய பானையைப் பற்றி எத்தனையோ மறையுரைகள் கேட்டிருக்கிறோம். தம் பிள்ளைக்காக வேறொருவரிடம் பால் கேட்டார் இறைவனின் தாய் என்ற பகுதியைப் பற்றி ஒன்றும் கேட்டதாக நினைவில்லை. தனக்குச் சுரக்கவில்லை என்று மாற்றுப்பாலை நாடும் பெண்ணை, அல்லது மருத்துவர் எழுதித் தந்த பால்மாவை வாங்க மருந்துக் கடையில் நிற்கும் பெண்ணை ஏளனமாகப் பார்ப்பவர்கள், வேளாங்கண்ணிக்கு நடந்து செல்கையில் அந்தக் குளக்கரையில் சற்று நிற்கலாம்.

செவிலியின் பால் எட்டாம் மாதத்தில் நின்றது. இரவுப் பணி மாறிமாறி வந்ததில், எல்லா ஏற்பாட்டையும் மீறி வற்றிப்போயிற்று. இரண்டு ஆண்டு என்னும் அளவுக்கு அது மிகக் குறைவு. அதற்குள் பிள்ளை பருப்புச் சோறும் மசித்த வாழைப்பழமும் உண்ணப் பழகியிருந்தது. ஒரே நாளில் நிறுத்தாமல், சில நாளுக்கு ஒரு வேளையாகக் குறைத்துக்கொண்டு வந்ததால் அவருக்குப் பால்கட்டும் வலி மிகுதியாக வரவில்லை. வலி வேறு விதமாக இருந்தது. கடைசியாகப் பாலூட்டிய இரவு எது என்று தமக்கே தெரியவில்லை என்றார். தெரிந்திருந்தால் இன்னும் சற்று நேரம் வைத்திருந்திருப்பேன் என்றார். முதற்சோறு ஊட்டும் நாளை நம் வீடுகளில் கொண்டாடுகிறோம். பால் மறந்த நாளை எவரும் குறித்துவைப்பதில்லை. ஈசாக்கு பால் மறந்த நாளில் ஆபிரகாம் பெரிய விருந்து வைத்ததாகத் தொடக்க நூல் சொல்கிறது. அன்று சாரா என்ன நினைத்தாள் என்று சொல்லவில்லை.

131ஆம் திருப்பாடல் மிகச் சிறியது. மனத்தை அமைதிப்படுத்திக்கொண்ட நிலைக்கு உவமையாக, பால் மறந்தபின் தாயோடிருக்கும் பிள்ளையைக் காட்டுகிறது. பால்குடிக்கும் பிள்ளையைக் காட்டியிருக்கலாமே என்று ஒருகாலத்தில் எண்ணியதுண்டு. பால்குடிக்கும் பிள்ளை பாலுக்காகவும் வரும். பால் மறந்த பிள்ளை அவளுக்காகவே வருகிறது.

அந்தச் செவிலியைச் சென்ற மாதம் திருப்பலிக்குப் பின் பார்த்தேன். வேலை இன்னும் அதே ஒப்பந்தத்தில்தான். இரவுப் பணி முடிந்து காலையில் வீடு சேர்ந்ததும் பிள்ளை பாட்டியின் மடியிலிருந்து இறங்கித் தவழ்ந்து வருகிறதாம். குளித்துவிட்டு வரும்வரை குளியலறைக் கதவில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறதாம். "பால் கேக்கிறதே இல்ல சாமி. வந்து படுத்துக்கிட்டு முந்தானையைப் பிடிச்சிக்கும். ரெண்டு பேரும் பத்து மணி வரைக்கும் தூங்குவோம்" என்றார். அதற்குள் பிள்ளை அவர் தோளிலிருந்து நழுவிக் கெபியின் மெழுகுவத்திகளை நோக்கிப் போய்விட்டது. அதைப் பிடிக்க ஓடினார்.